பிறந்தநாளுக்கு நகை அடகு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது குழந்தையின் பிறந்தநாளுக்கு வைக்கிறார்கள். என் மகளும் மருமகனும் அதற்குத்தான் கிளம்பினார்கள். மகள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மருமகன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பேத்திக்கு ஏழு வயது நிறைவதை ஒரு பார்ட்டி ஹாலில் கொண்டாட வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்து, சங்கிலியை வங்கியில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கூடாது என்று சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், விழாவை நானே பொறுப்பேற்று நடத்தினேன். மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் அந்தக் கணக்கையும், அதோடு பள்ளிகளுக்கு ஒரு கோரிக்கையையும் எழுதுகிறேன்.

ஹாலில் சொன்ன தொகை 30 பேருக்கு 18,000 ரூபாய். கேக் அதில் சேராது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. நேரம் மூன்று மணி. அதற்கு மேல் ஆனால் தனிக் கட்டணம். பிரித்துக் கேட்டபோது, ஏறக்குறைய பாதித் தொகை பலூன் வளைவுக்கும், பின்னால் மாட்டும் படத்துக்கும், மைக் பிடித்துப் பேசுகிறவருக்கும் போகிறது என்று தெரிந்தது. பிள்ளைகளின் வயிற்றுக்குப் போவது மிகவும் கொஞ்சம்.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தைகளுக்கு அளந்து சமைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம் என்பது சத்துணவு அளவு. அது ஒரு முழு மதியச் சாப்பாட்டுக்கான கணக்கு. ஆனால் பிறந்தநாள் வீடுகளில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்குப் போடும் இலையைப் போலவே கணக்குப் போடுகிறார்கள். பாதி மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஒரு சட்டி சாதம் கீழே போவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகாதவள் நான்.

முதல் சிக்கனம் கடிகாரத்தில் இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு அழைத்தால் வந்தவர்களுக்கு முழுச் சாப்பாடு போட்டாக வேண்டும். மாலை நாலு மணிக்கு அழைத்து ஆறரைக்கு முடித்தால் பலகாரம் போதும். விளக்குச் செலவும் இல்லை, பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியில் வைத்தோம். எங்கள் மாடியில் கைப்பிடிச் சுவர் பெரியவர்களின் மார்பளவுக்கு இருக்கிறது. அப்படி இல்லாத மாடியில் பிள்ளைகளை விளையாட விடவே கூடாது. தெருவிலோ பக்கத்துக் கோயில் மண்டபத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

வந்தவர்கள் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், பெரியவர்கள் பத்துப் பேர். ரவா கேசரி, உருளைக்கிழங்கு போண்டா, கொண்டைக்கடலைச் சுண்டல், நன்னாரி சர்பத் என்று வைத்துக்கொண்டோம். அரைக் கிலோ ரவைக்கு முக்கால் கிலோ சர்க்கரையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சேர்த்துக் கிளறினால் ஏறக்குறைய மூன்று கிலோ கேசரி வரும். ஆளுக்கு ஒரு கரண்டி, சிறு பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டால் வேகும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஒன்றேகால் கிலோ போட்டோம், கொஞ்சம் மிஞ்சியது. இரண்டு கிலோ உருளைக்கிழங்கில் ஐம்பது போண்டாவுக்கு மேல் வந்தது. சுண்டலில் பிள்ளைகளுக்காக மிளகாயைக் குறைத்து, தேங்காயும் மாங்காய்த் துருவலும் கூட்டினேன். மாங்காய் போட்ட சுண்டலை மறுக்கிற பிள்ளையை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

கேக் ஒரு கிலோ, பிள்ளைகளுக்கு மட்டும். அதைக் கடைசியில்தான் வெட்டினோம். எல்லோரும் வந்ததும் கேக்கை வெட்டிவிட்டால், க்ரீமைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் மற்றதைத் தொடமாட்டார்கள். விளையாடிக் களைத்த பிறகு போண்டாவும் சுண்டலும், பிறகு கேக், பிறகு வீடு என்று வரிசை வைத்தால் எதுவும் வீணாகாது.

அலங்காரத்துக்கு என் பழைய சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையைப் பின்னால் கட்டினோம். மாவிலைத் தோரணம், க்ரேப் காகிதம், வாயால் ஊதிய பலூன்கள், அவ்வளவுதான். போட்டோ நன்றாக வர வேண்டும் என்பது மகளின் கவலை. சிவப்புச் சுங்குடிக்கு முன்னால் பேத்தி நின்ற படம் அவளுடைய செல்பேசியின் முகப்பில் இன்னும் இருக்கிறது. தட்டுக்குப் பாக்குமட்டை, சர்பத்துக்கு வீட்டு டம்ளர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை. பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மோகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையில் இருக்கின்றன. ஆனாலும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். பனிபோலத் தெறிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் தயவுசெய்து யாரும் வாங்க வேண்டாம். அதை வெளியே தள்ளும் வாயு தீப்பற்றக் கூடியது. மெழுகுவத்தி எரியும்போது குழந்தையின் முகத்துக்கு நேரே அதை அடிப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. மேலே பறக்கும் பலூனில் மலிவுக்காக ஹைட்ரஜன் அடைக்கப்பட்டிருந்தால் அதுவும் அப்படித்தான்.

கொலை கொலையாம் முந்திரிக்காய், நொண்டி, சங்கீத நாற்காலி என்று விளையாட்டுகளைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் நடத்தினாள். வென்றவர்களுக்குச் சிறுகதைப் புத்தகம். புதுச்சட்டை என் மகன் எடுத்துக்கொடுத்தான், தாய்மாமன் அல்லவா. சட்டை நீங்கலாகக் கேக், பலகாரம், தட்டு, தோரணம், புத்தகம் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. சங்கிலி மகளின் கழுத்திலேயே இருக்கிறது.

வீட்டுச் செலவை இப்படி அடக்கிவிடலாம். அடக்க முடியாதது பள்ளிக்கூடச் செலவு. பிறந்தநாளன்று வகுப்பில் எல்லோருக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இப்போது ஆங்கிலப் பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. வகுப்பில் 40 பிள்ளைகள். ஆளுக்கு 100 ரூபாயில் ஒரு பென்சில் பெட்டியோ தண்ணீர்ப் பாட்டிலோ என்றால் 4,000 ரூபாய். நான் மாடியில் நடத்திய முழு விழாவை விட அதிகம். வாங்கி வரும் பிள்ளைக்கும் அதனால் பயனில்லை. பேத்தியின் அலமாரியில் உறை பிரிக்காத பென்சில் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

எங்கள் தெருவில் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவருடைய பெண், கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கிறாள். கட்டணத்தை அரசு ஏற்கிறது, பென்சில் பெட்டியை யார் ஏற்பது? கடந்த ஆண்டு அவளுடைய பிறந்தநாளன்று காய்ச்சல் என்று சொல்லி அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். புதுப்பாவாடை கட்டிக்கொண்டு வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, பகல் முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று நான் கேட்டபோது அந்தப் பிள்ளை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. சமமாக உட்காரத்தான் அந்தச் சட்டம் வந்தது. பிறந்தநாளன்று அந்தச் சமம் போய்விடுகிறது என்றால் அதற்கு வசதியுள்ள பெற்றோர்களாகிய நாமும், பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளிகளும் பொறுப்பு.

"விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கட்டும்" என்று சில பெற்றோர்கள் சொல்கிறார்கள். இதில் விருப்பம் என்பது முதலில் கொடுத்த இரண்டு மூன்று பேரோடு முடிந்துவிட்டது. நாலாவது வீட்டிலிருந்து அது கட்டாயம். ஹாலுக்காக என் மகள் சங்கிலியைக் கழற்றப் பார்த்ததும் இதே மாதிரிக் கட்டாயத்தால்தான், பேத்தி கேட்டதால் இல்லை. பேத்தி கேட்டது தோழிகளோடு விளையாட்டும், வெள்ளைக் க்ரீம் போட்ட கேக்கும் மட்டுமே.

ஆகவே தலைமை ஆசிரியர்களையும் பள்ளி நிர்வாகங்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூனில் தரும் நாட்குறிப்பில் ஒரு விதியை அச்சிடுங்கள்: பிறந்தநாளன்று வகுப்பில் ஆளுக்கு ஒரு மிட்டாய் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. ஏதாவது தர வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் தரட்டும், அதிலும் கொடுத்தவர் பெயரை எழுத வேண்டாம். இதைப் பெற்றோர் தனியாகச் செய்ய முடியாது. ஒரு தாய் மட்டும் நிறுத்தினால் அவளுடைய பிள்ளைதான் வகுப்பில் தலைகுனியும். பள்ளி சொன்னால் எல்லோருக்கும் ஒரே விதி ஆகிவிடும். ஏற்கெனவே இப்படி விதி வைத்து நடத்தும் பள்ளிகள் இருந்தால், அதன் ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை இந்தப் பகுதிக்கு எழுத வேண்டுகிறேன். பேத்தியின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தக் கடிதங்களைக் கத்தரித்து எடுத்துப்போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
உறையூர், திருச்சி-3.