மெஷின் கிடக்கட்டும், வீல் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீட்டுலயே சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் போடுறது எப்படின்னு ஒரு பக்கம் முழுக்க வந்துச்சே, அதைப் படிச்சிட்டுதான் எழுதுறேன். கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆங்கிள் கிரைண்டர், அதான் வட்ட வீலைச் சுத்த விட்டு இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் செய்யுற கை மெஷின், அதை வாங்குற இடம் வந்ததும் எத்தனை வாட், வயர் வெச்சதா பேட்டரியா, எது வெயிட் கம்மின்னு நீட்டி எழுதிட்டு கடைசியில "தேவைக்கேற்ப டிஸ்க் வாங்கிக்கொள்ளவும்"னு ஒத்தை வரியில முடிச்சிட்டாங்க. யானையை வாங்கினவன் அங்குசத்துக்கு கணக்கு பார்த்த கதைதான் சார் இது. அதைவிட எனக்கு உறுத்துனது மேல போட்டிருந்த படம். கார்டு (வீலை மூடுற தகடு) கழட்டின மெஷின், சைடு ஹேண்டில் இல்ல, ஒத்தைக் கையில புடிச்சிட்டு நிக்கிறார், கண்ணாடி நெத்தி மேல ஏறி உட்கார்ந்திருக்கு. பொறி மட்டும் அழகா பறக்குது.

நான் மெக்கானிக் இல்ல, ஆபீஸ் வேலை பார்த்தவன். லீவு நாள்ல இரும்பை அறுத்து ஒட்டி ஸ்டாண்டு, ஷெல்ஃப், டேபிள் காலுன்னு ஏதாவது செஞ்சிட்டு இருப்பேன், பல வருஷமா இதே பொழப்பு. இந்த மெஷினை யாராவது புதுசா வாங்கப் போறேன்னு சொன்னா நான் முதல்ல கேக்குறது எந்த மெஷின்னு இல்ல, என்ன வீல், அதான் அந்த டிஸ்க், போடப் போறீங்கன்னுதான். வேலை செய்யுறது வீல்தான், உடைஞ்சா மேல பாயுறதும் வீல்தான், மெஷின் சும்மா அதைச் சுத்தி விடுது.

முதல்ல சைஸ். 100, 115, 125, 180, 230 மில்லிமீட்டர்னு வருது, பேச்சுல நாலு இஞ்ச்ல ஆரம்பிச்சு ஒன்பது இஞ்ச் வரைக்கும். வீட்டு வேலைக்கு 100 இல்லன்னா 125, இது ரெண்டுல ஒண்ணு போதும். 100 மில்லி வீல்ல நடுவுல ஓட்டை 16 மில்லி, 115ல இருந்து மேல பெரும்பாலும் 22.23 மில்லி. அதனால நாலு இஞ்ச் மெஷின் வாங்கிட்டா பின்னாடி அஞ்சு இஞ்ச் வீலை அதுல மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. சில பேர் வாஷர் மாதிரி ஏதோ ஒண்ணைக் கடைஞ்சு ஓட்டைக்குள்ள சொருகி ஓட்டுறாங்க, வீல் மையம் அரை மில்லி தள்ளி உட்கார்ந்தாலே கை நடுங்குற அளவுக்கு அதிரும். நான் 125தான் சொல்லுவேன். கொஞ்சம் வெயிட்டு கூட, ஆனா வீல் பெருசுங்கறதால அதிக நேரம் உழைக்குது, கனமான எல் வடிவ இரும்பு ஆங்கிளையும் ஒரே அறுப்புல முடிக்கலாம், நாலு இஞ்ச்ல அடியில இருக்குற கியர் பாக்ஸ் வந்து இடிச்சிடும், அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கத்துல இருந்து அறுக்கணும். கை சின்னதா இருக்கறவங்க, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு வேலை பார்க்கறவங்க 100 வாங்கிக்கட்டும், தப்பில்ல.

இப்ப ஸ்பீடு, இதைத்தான் கட்டுரையில சுத்தமா விட்டுட்டாங்க. சின்ன மெஷின் எல்லாம் நிமிஷத்துக்கு 11,000 சுத்து வாக்குல ஓடும். 230 மில்லி மெஷின் 6,600 பக்கம்தான். ஏன்னா கணக்கு சுத்துல இல்ல, வீலோட ஓரம் எவ்வளவு வேகமா போகுதுங்கறதுல. இந்த வீலுங்களுக்கு வழக்கமான உச்ச வரம்பு செகண்டுக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். அந்த வரம்புல 125 மில்லி வீலுக்கு 12,250 சுத்தும், 230 மில்லிக்கு 6,650 சுத்தும் வரும், வீல் மேலயே அச்சடிச்சிருப்பாங்க. இப்ப ஒருத்தர் கார்டைக் கழட்டிட்டு 230 வீலை சின்ன மெஷின்ல மாட்டுறார்னு வெச்சுக்குங்க (படத்துல மெஷினுக்கு கார்டு இல்லாததுக்கு இதுதான் காரணமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்), ஓரம் செகண்டுக்கு 132 மீட்டர் போகும். வேகம் ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேலதானேன்னு நினைக்கக் கூடாது, வீலைப் பிய்ச்சு எறியப் பார்க்குற இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அது ரெண்டே முக்கால் மடங்கு கிட்ட வந்துடும். பெரிய மெஷின்ல ஓடித் தேஞ்ச வீல் இப்ப அஞ்சு இஞ்ச் ஆயிடுச்சே, வீணாக்குவானேன்னு சின்ன மெஷின்ல போடுறதும் இதே தப்புதான், வீல் தேயும், அதுமேல எழுதுன சுத்து தேயாது.

நானே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு மில்லி கனத்துல வர்ற கட்டிங் வீல் மாட்டி பைப்பு அறுத்துட்டு இருந்தேன், பக்கத்துல வெல்டு வெச்ச இடம் கொஞ்சம் துருத்திட்டு இருந்துச்சு, வீல் மாத்த சோம்பல்பட்டு அதே வீலை சாய்ச்சு வெச்சு ஓரத்தால தேச்சேன். மூணு தேய்ப்பு தேய்ச்சிருப்பேன். படார்னு ஒரு சத்தம், பார்த்தா ஸ்பிண்டில்ல (வீல் மாட்டுற தண்டு) ஒரு நிலாத்துண்டு மட்டும் ஒட்டிட்டு இருக்கு. மீதி கார்டுக்குள்ள அடிச்சு செவுத்துப் பக்கமா போயிருந்துச்சு. கார்டுல நகம் போற அளவுக்கு ஒரு கீறல். அது இல்லன்னா அந்தத் துண்டு எந்தப் பக்கம் வந்திருக்கும்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சிட்டு இருந்தேன். கட்டிங் வீல் கத்தி மாதிரி, நேரா மட்டும்தான் போகணும், பக்கவாட்டுல அழுத்துறதுக்கு அது செஞ்சதே இல்ல. தேய்க்கணும்னா ஆறு மில்லி கனத்துல வர்ற கிரைண்டிங் வீல் இருக்கு, அதை 25, 30 டிகிரி சாய்ச்சுப் புடிக்கலாம்.

அதனாலதான் புதுசா பழகுறவங்களுக்கு ஒரு மில்லி வேண்டாம், 1.6 வாங்குங்கன்னு சொல்றேன். ஒரு மில்லி வெண்ணெய் மாதிரி அறுக்கும், சூடு கம்மி, பிசிறும் கம்மி, எல்லாம் சரி, ஆனா கை ஒரு மயிரிழை திருகினாலும் போச்சு. 1.6 கொஞ்சம் மன்னிக்கும். 2.5, 3 மில்லி எல்லாம் பெரிய மெஷினுக்கு, சின்ன மெஷின் அதைத் தள்ளிட்டுப் போக முக்கிட்டு நிக்கும்.

வீல் மேல ஏ 60 டி பிஎஃப் (A 60 T BF)னு ஒரு வரி இருக்கும், யாரும் படிக்கறதில்ல. 'ஏ'ங்கறது அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு. 'சி' (C)ன்னு இருந்தா சிலிக்கான் கார்பைடு, கல்லு கான்கிரீட்டுக்கு. 60ங்கறது வீல்ல இருக்குற அறுக்குற மணலோட பருமன், நம்பர் ஏற ஏற மணல் பொடிசாகும். அடுத்த எழுத்து அந்த மணலைப் புடிச்சு வெச்சிருக்குற பிடிப்பு எவ்வளவு கெட்டின்னு சொல்லுது, அகர வரிசையில பின்னாடி போகப் போக கெட்டி. பிஎஃப்னா ரெசின்ல ஒட்டி உள்ள நார் வலை வெச்சதுன்னு அர்த்தம், வலை இல்லாத வீலை கையில புடிச்சு ஓட்டுற மெஷினுக்குப் போடவே கூடாது. கெட்டி எழுத்து நல்லதுன்னு நினைச்சு வாங்குறாங்க, நிஜத்துல கெட்டியான உலோகத்துக்கு இளகுன வீல்தான் சரி, மழுங்குன மணல் உதிர்ந்து புதுசு வெளிய வந்துட்டே இருக்கணும். கெட்டி வீல் போட்டா மேல பளபளன்னு ஆகி வழுக்கும், அறுக்காது, நாம அழுத்துவோம், சூடேறும், அப்புறம் வீல் மட்டம்னு திட்டுவோம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஐனாக்ஸ் (INOX)னு எழுதுன வீல் தனியா வாங்குங்க. அதுல இரும்பு, கந்தகம், குளோரின் எல்லாம் சேராம பார்த்துக்கறாங்க, மத்த வீல் போட்டா ரெண்டு மாசத்துல அந்த இடம் துருப் புடிச்ச மாதிரி புள்ளி புள்ளியா காட்டும். ஐனாக்ஸ் வீலையே முதல்ல சாதா இரும்புல ஓட்டிட்டு அப்புறம் ஸ்டெயின்லெஸ்ல ஓட்டினாலும் அதே கதிதான், அதனால நான் மார்க்கர்ல எழுதி தனி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். அலுமினியம் இன்னும் மோசம், மெழுகு மாதிரி உருகி மணலுக்கு நடுவுல அடைச்சிக்கும், அதுக்குன்னே வர்ற வீல் போட்டாதான் வேலை நடக்கும். அலுமினியப் பொடியும் இரும்புத் துருவும் ஒண்ணா குவிஞ்சு கிடக்க விடாதீங்க, பொறி பட்டா சாதாரண நெருப்பு மாதிரி இருக்காது.

எனக்குப் புடிச்சது எதுன்னு கேட்டா ஃபிளாப் டிஸ்க். எமரி பட்டை பட்டையா விசிறி மாதிரி அடுக்கி ஒட்டியிருப்பாங்களே, அதேதான். கிரைண்டிங் வீல் குதிக்கும் கத்தும் குழி தோண்டும், இது தடவிட்டுப் போற மாதிரி போகும், வெல்டை மட்டமாக்கறதும் பெயின்ட்டுக்கு ரெடி பண்றதும் ஒரே டிஸ்க்ல முடிஞ்சிடும். ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னா 60 கிரிட் (அதே மணல் நம்பர்தான்) வாங்குங்க. 40 நிறைய எடுக்கும், கோடு விழும், 80, 120 எல்லாம் ஃபினிஷிங்குக்கு. ஜிர்கோனியா மணல்ல வர்றது கொஞ்சம் விலை கூட இருக்கும், ஆனா அழுத்தம் பட்டா மணல் உடைஞ்சு புது முனை வரும், அதனால ரொம்ப நாள் உழைக்கும். லேசா மட்டும் தடவப் போறீங்கன்னா ஜிர்கோனியா வேஸ்ட்டு. தட்டையா வர்றது ஒண்ணு, கூம்பு மாதிரி வர்றது ஒண்ணு, சமதளத்துக்கு தட்டை, வெல்டு மேடு எடுக்கவும் மூலை முடுக்குக்கும் கூம்பு.

டைல்ஸ், கான்கிரீட்டுக்கு டைமண்ட் பிளேடு. ஓரம் முழுசா ஒட்டி இருந்தா டைலுக்கு, வெட்டு வெட்டா இருந்தா கான்கிரீட்டுக்கு, அவ்வளவுதான். ஆனா அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, கர்சீஃப் கட்டிக்கிட்டா நிக்காது, என்95 ரகத்து மாஸ்க்காவது வேணும்.

காலாவதி தேதின்னு ஒண்ணு வீலுக்கும் உண்டுங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. நடுவுல இருக்குற தகர வளையத்துல மாசம் வருஷம் போட்டிருக்கும். அது பெரும்பாலும் தயாரிச்ச தேதி இல்ல, அதுக்கு மேல பயன்படுத்தக் கூடாதுங்கற தேதி, தயாரிச்சதுல இருந்து மூணு வருஷம்னு வெக்கறாங்க. ரெசின் ஈரத்தை இழுத்து பலம் போயிடுது. நூறு வீல் மொத்தமா மலிவா கிடைக்குதுன்னு வாங்கி வெக்காதீங்க, வீட்டு வேலைக்கு அதைத் தீர்க்கறதுக்குள்ள பாதி காலாவதி ஆயிடும். ஈரமில்லாத இடத்துல படுக்க வெச்சு வெயுங்க. புது வீல் மாட்டினதும் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு, வீல் சுத்துற கோட்டுல நிக்காம ஒதுங்கி நின்னு பாருங்க. உடையுறதா இருந்தா அப்பவே உடையட்டும்.

மெஷினுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன். அஞ்சு இஞ்ச்னா 900ல இருந்து 1,100 வாட் தாராளம். அதுக்கு மேல காசு இருந்தா வாட்டுல போடாதீங்க, சுவிட்ச்சுல போடுங்க. தள்ளினா லாக் ஆகி நிக்கிற சுவிட்ச் வேண்டாம், அமுக்கிட்டு இருக்குற வரைக்கும் ஓடி கையை எடுத்தா நிக்கிறது நல்லது. கரண்ட் போயி திரும்பி வந்தா தானா ஸ்டார்ட் ஆகாத வசதி வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் லாக் போட்டு வேலை செஞ்சிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, மெஷினை டேபிள் மேல வெச்சிட்டு தண்ணி குடிக்கப் போனார், கரண்ட் வந்ததும் அது டேபிள் மேல இருந்து குதிச்சு வயரைச் சுத்திக்கிட்டு தரையில ஆடியிருக்கு. பிரேக் இருந்தா இன்னும் விசேஷம், இல்லாதது ஆஃப் பண்ணியும் பல செகண்டு சுத்திட்டே இருக்கும்.

கார்டுலயும் ரெண்டு வகை இருக்கு. கிரைண்டிங் பண்றதுக்கு அடிப்பக்கம் திறந்தது, கட்டிங்குக்கு ரெண்டு பக்கமும் மூடினது. மெஷினோட ஒண்ணுதான் வந்திருந்தா இன்னொண்ணைக் கேட்டு வாங்குங்க. பைப்பை அறுக்கும்போது ரெண்டு முனையிலயும் முட்டுக் குடுத்து நடுவுல அறுத்தா, அறுக்க அறுக்க நடு தொங்கி வாய் மூடி வீலைக் கவ்விக்கும், மெஷின் எகிறி நம்ம மேலயே வரும். அறுந்து விழுற பக்கம் கீழ தொங்கணும், வாய் விரியணும்.

பொறி எங்க போகுதுன்னும் கொஞ்சம் பாருங்க. நான் ஜன்னலைப் பார்த்து ஒரு மத்தியானம் பூரா அறுத்தேன், சாயங்காலம் கண்ணாடியைத் தொடச்சா மணல் ஒட்டுன மாதிரி சொரசொரன்னு இருக்கு. பொறி கண்ணாடிக்குள்ள உருகி பதிஞ்சிருக்கு, என்ன தேய்ச்சாலும் போகல, கண்ணாடியையே மாத்த வேண்டியதா போச்சு. கண்ணாடிக்கே அந்த கதின்னா கண்ணு என்ன ஆகும். மூக்குக் கண்ணாடி பத்தாது, பக்கமெல்லாம் மூடுற காகிள்ஸும் அதுக்கு மேல முகத்துக்கு ஷீல்டும் வேணும், காதுக்கும் ஏதாவது மாட்டிக்குங்க.

இவ்வளவையும் நீங்க போடுவீங்களான்னு தெரியல, இடம் இல்லன்னா மத்ததை வெட்டிட்டு சுத்துக் கணக்கையும் காலாவதி தேதியையும் மட்டுமாவது போடுங்க. அந்தப் படத்தை மட்டும் இன்னொரு தடவை போடாதீங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ஞாயித்துக்கிழமை இரும்படி வாசகன்

பி.கு: மரம் அறுக்க பல்லு வெச்ச பிளேடு, செயின் சுத்துன டிஸ்க் எல்லாம் இந்த மெஷினுக்குன்னு விக்கறாங்க, கட்டுரையிலயும் ஒரு வரி வந்திருந்துச்சு. வாங்காதீங்க. பல்லு மரத்துல மாட்டினா மணல் வீல் மாதிரி வழுக்காது, கவ்வி இழுக்கும், இந்த மெஷின் வேகத்துல அதைக் கையால புடிச்சு நிறுத்த யாராலயும் ஆகாது. மரத்துக்கு சர்குலர் சா தனியா இருக்கு.