நிலா சொன்னதுதான் சரி

சாலிகிராமம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரவணனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆற்காடு ரோட்டை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதிலிருந்து வடபழனி கோயிலுக்குப் போகப் பெரிய சுற்று. முருகனும் நானும் மாசத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் அதிகம்.

நான் நடித்த பழைய படத்திலிருந்து நீ யூடியூபில் வெட்டி அனுப்பிய காட்சியை மூணு தடவை பார்த்தேன். நிலா அதைப் பார்த்துவிட்டு, "இது பாட்டி இல்ல, பாட்டி இப்படிப் பேச மாட்டாங்க" என்றாளாமே. வீடியோ காலில் என் நெற்றியும் சீலிங் ஃபேனும்தான் தெரிகிறது என்று நீ திட்டுவாய். அதனால் அவளுக்கு என் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம் போல. நீயும் உன் பெண்டாட்டியும் பாட்டிதான் என்று சத்தியம் பண்ணினீர்களாம். ஆறு வயசுப் பிள்ளை சரியாகப் பிடித்துவிட்டது. அங்கே முகம்தான் என்னுடையது, குரல் வேறு ஒரு அம்மாவுடையது.

அது 1987-ல் எடுத்த படம். எனக்கு 31 வயசு. என்னை "அம்மா" என்று கூப்பிடும் ஹீரோவுக்கு 39. மேக்கப்மேன் காதோரம் வெள்ளையைத் தடவி, "கண்ணாடியப் பாக்காதீங்கக்கா, மனசு கஷ்டப்படும்" என்றார். எனக்கொன்றும் கஷ்டமில்லை. 1952 பராசக்தியில் சிவாஜிக்கு ஜோடியாக வந்த பண்டரிபாய்தானே 1969 தெய்வமகனில் ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிக்கு அம்மா? அதே பண்டரிபாய் 1992-ல் மன்னனில் ரஜினிக்கும் அம்மா. சர்வர் சுந்தரத்தில் நாகேஷுக்கு அம்மாவாக நடித்த எஸ்.என். லட்சுமி, 26 வருஷம் கழித்து மைக்கேல் மதன காமராஜனில் திருட்டுப் பாட்டியாக வந்து ஊரையே சிரிக்க வைத்தார். கதாநாயகியாக இருந்திருந்தால் இத்தனை வருஷம் யார் கூப்பிட்டிருப்பார்கள்? அம்மா வேஷத்துக்கு வயசாவதில்லை. நான் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் போனேன். என் கணக்கு பாதிதான் பலித்தது, அது வேறு விஷயம்.

அந்தக் காட்சிக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. முக்கால்வாசி சஜஷன் ஷாட். ஹீரோவின் க்ளோஸ்-அப்புக்கு ஓரத்தில் என் தோளும் கொண்டையும் மட்டும் தெரியும். கேமரா பின்னால் இருந்தாலும் நான் அழுதுகொண்டுதான் நின்றேன். எதிரே நிற்பவர் அழுதால்தானே அவருக்கும் வரும்? சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரத்தில் என் பக்கம் திருப்பினார்கள். அதற்குள் கண்ணீர் தீர்ந்துவிட்டது, கிளிசரின்தான். நீ பார்த்தது அந்தப் பதினைந்து செகண்ட்.

அதற்கு டப்பிங் பேச என்னை ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே உனக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அப்பா வெளியூரில். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் பைக்கில் வந்தவர் வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "நீங்க குழந்தையப் பாத்துக்கங்கம்மா, நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்" என்று போய்விட்டார். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நாலு வயசில் உனக்கு என்ன தெரியும்? "அரிக்குதும்மா, அரிக்குதும்மா" என்று ராத்திரியெல்லாம் அழுதாய். வேப்பங்கொத்தால் நீவி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூணு மாசம் கழித்துப் படம் வந்தது. கமலா தியேட்டரில் மேட்னி ஷோ. என் வாய் அசைகிறது, யாரோ பேசுகிறார்கள். நான் "ராசா" என்று சொன்ன இடத்தில் "கண்ணு" என்று வருகிறது. பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மா என்னைவிட நன்றாகவே அழுதிருந்தாள்.

யாரென்று விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் காபி கொடுத்து உட்கார வைத்து, "அடுத்த வாரம் என்கூட டப்பிங் தியேட்டருக்கு வரியா? கூட்டத்துல பேச ஆள் வேணும்" என்றார். அப்படித்தான் நான் டப்பிங்குக்குப் போனேன்.

அப்போதெல்லாம் லூப். ஒரு காட்சியை வெட்டி நுனியோடு நுனி ஒட்டிவிடுவார்கள், அது சுற்றிச் சுற்றித் திரையில் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் ஒரே மைக் முன்னால் நிற்க வேண்டும். ஒருத்தர் இருமினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. அவர்தான் கற்றுக்கொடுத்தார்: "உதட்டையே பாக்காத, தொண்டையப் பாரு, மூச்சு அங்கதான் முதல்ல தெரியும்." ப, ம வந்தால் மட்டும் உதடு ஒட்டியே ஆக வேண்டும், மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஏமாற்றலாம். ராசாவுக்குப் பதில் கண்ணு போட முடிந்தது அதனால்தான், இரண்டிலும் உதடு ஒட்டாது. நான் அன்றைக்கு "மகனே" என்று நடித்திருந்தால் அவர் பாடு திண்டாட்டம்.

ஆச்சி மனோரமா மாதிரி முகம், குரல், பாட்டு எல்லாம் தானே என்று இருக்கக் கொடுத்து வைக்க வேண்டும். பொம்மலாட்டத்தில் "வா வாத்தியாரே வூட்டாண்ட" அவரே பாடியதுதான். மற்றவர்களுக்கெல்லாம் பாதிப் பாதிதான். பம்பாய் படத்தில் மனீஷா கொய்ராலாவுக்கு ரோகிணிதான் பேசினார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

முகத்துக்கு வாய்ப்பு குறையக் குறைய எனக்குக் குரல்தான் சோறு போட்டது. நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, தெலுங்கிலிருந்து வந்த அம்மாக்கள், கல்யாண வீட்டுக் கூட்டம். உன் இன்ஜினியரிங் ஃபீஸில் ரெண்டு செமஸ்டர் முழுக்க டெலிவிஷன் சீரியல் டப்பிங். முகம் காட்டிய ஒரு படத்துக்குக் கொடுத்த செக் பேங்க்கிலிருந்து ரெண்டு தடவை திரும்பி வந்தது. குரலுக்கு அன்றன்றைக்குக் கையில் காசு.

எத்தனை படம் என்று கேட்டிருக்கிறாய், லிஸ்ட் போட வேண்டுமென்று. எப்படிடா எண்ணுவது? தோள் மட்டும் தெரிந்ததைச் சேர்க்கலாமா? கூட்டத்தில் "ஐயோ" என்று கத்தியதைச் சேர்க்கலாமா? நீயே முடிவு பண்ணிக்கொள்.

வடகமும் மோர் மிளகாயும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டால் என்னைச் சொல்லாதே.

இதோடு வாட்ஸ்அப்பில் ஒரு காட்சி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மாடி வீட்டுப் பையனிடம். கோயில் வாசலில் ஒரு பூக்காரம்மா, பச்சைப் புடவை. முகம் யாருடையது என்று எனக்கே தெரியாது. "முழம் ரெண்டு ரூபா, எடுத்துக்க தாயி" என்பாள், அவ்வளவுதான். நிலாவிடம் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டு. அவள் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா