அது பனி அல்ல, ஏரிச் சேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வடதுருவக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இப்படியொரு விஷயத்துக்குத் தமிழில் நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் மூன்றாம் பக்கப் படக்குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. '36 லட்சம் ஆண்டு வெப்பநிலையைச் சொல்லும் ரஷ்யப் பனிக்கட்டி' என்று போட்டிருக்கிறீர்கள். அது பனிக்கட்டி அல்ல, எல்கிகிட்கின் என்ற ஏரியின் அடியிலிருந்து எடுத்த சேறு.

சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கிரீன்லாந்தின் பனியைத் துளைத்து எடுத்த மாதிரிகள் தொடர்ச்சியாகச் சொல்லும் கதை ஏறக்குறைய 1,20,000 ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே உள்ள பனி மடங்கிக் குழம்பிக் கிடக்கிறது. அதற்கு முன் வடக்கு நிலப்பரப்பில் என்ன மரம் நின்றது, கோடை எவ்வளவு சூடாக இருந்தது என்று அறிய வேண்டுமானால் ஏரிச் சேற்றிடம்தான் போக வேண்டும்.

நான் 30 ஆண்டுகளுக்கும் மேல் பள்ளியில் புவியியல் நடத்தியவள். பனியுகம் பற்றிய பாடத்தில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அப்போ தெர்மாமீட்டரே இல்லையே, யார் அளந்து பார்த்தாங்க?" என்று கேட்டாள். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்த விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம். அந்தப் பதிலின் முக்கால் பங்கு சேற்றில் இருக்கிறது என்று தெரிந்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

சுவீடனிலிருந்து தொடங்குகிறேன். 1878இல் ஜெரார்டு டி யீர் என்ற இளம் நிலவியலாளர் ஸ்டாக்ஹோம் பக்கத்துக் களிமண் வெட்டுகளில் வெளிர் பட்டை, கருமைப் பட்டை, மறுபடி வெளிர், மறுபடி கருமை என்று வரிகள் ஓடுவதைக் கண்டார். மரத்தின் வளையங்கள் போலவே இருந்தன. கோடையில் பனி உருகி ஓடும் நீர் கொண்டுவரும் சற்றுப் பருத்த வண்டல் வெளிர் பட்டையாகப் படிகிறது. குளிர்காலத்தில் மேலே நீர் உறைந்துவிட, உள்ளே மிதந்துகொண்டிருந்த நுண்ணிய களிமண் மெல்ல இறங்கிக் கருமைப் பட்டையாகிறது. ஆக, ஒரு ஜோடி என்பது ஓர் ஆண்டு. சுவீடிஷ் மொழியில் இதற்கு 'வார்வ்' என்று பெயர். ஓரிடத்துப் பட்டைகளை அடுத்த இடத்துப் பட்டைகளோடு தடிமன் பார்த்துப் பொருத்தி, பனிப்பாறை பின்வாங்கிய வரலாற்றை டி யீர் ஆண்டு ஆண்டாக எண்ணினார். கடைசி 12,000 ஆண்டுகளுக்கு அப்படி அவர் போட்ட கணக்கை 1910இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக நிலவியல் மாநாட்டில் வைத்தார். கார்பன்-14 கொண்டு வயதைக் கணிக்கும் முறை வருவதற்கு வெகு முன்பே, கையால் எண்ணிய கணக்கு இது!

ஏன் வடக்கத்தி ஏரிகள்? நம் ஊர் ஏரி கோடையில் வற்றி வெடிக்கும், மாடு இறங்கும், தூர் வாருவோம். அடிமண் வரிசையாக இருக்க வழியே இல்லை. வடக்கில் ஆழமான ஏரிகள் ஆண்டில் பல மாதம் உறைந்து மூடிக் கிடக்கின்றன. சிலவற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லாததால் சேற்றைக் கிளறும் புழுகூட இருக்காது. விழுந்தது விழுந்தபடியே இருக்கும்.

விழுவது வெறும் மண்ணும் அல்ல. சுற்றியுள்ள மரஞ்செடிகளின் மகரந்தம் வந்து விழுகிறது. அதன் ஓடு எளிதில் அழியாது. கண்ணாடி போன்ற ஓடுடைய டயாட்டம் என்ற நுண்பாசிகள் விழுகின்றன. அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது, கொசு போலவே இருந்தாலும் கடிக்காத ஒரு வகைச் சிறு பூச்சி. அதன் புழு நீரடியில் வளர்ந்து தோலுரிக்கும்போது தலைக்கூட்டைக் கழற்றிவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளானாலும் அந்தக் கூடு மக்காமல் கிடக்கிறது. இந்தப் பூச்சியில் குளிர்ந்த நீரை விரும்பும் இனங்களும் உண்டு, வெதுவெதுப்பை விரும்பும் இனங்களும் உண்டு. குளிர்ந்த ஊர் முதல் மிதமான ஊர் வரை பல ஏரிகளின் மேற்பரப்புச் சேற்றை இன்று எடுத்து, எந்த வெப்பநிலையில் எந்த இனம் எவ்வளவு என்று முதலில் ஓர் அட்டவணை போடுகிறார்கள். பிறகு பழைய அடுக்கின் தலைக்கூடுகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணி, அந்த அட்டவணையோடு ஒப்பிட்டு அக்காலக் கோடையின் வெப்பநிலையைச் சொல்கிறார்கள். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி முன்பின் இருக்கும் என்பதையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். என் மாணவி கேட்ட தெர்மாமீட்டர் இதுதான்.

எந்த அடுக்குக்கு எத்தனை வயது என்பதையும் பல வழிகளில் சரிபார்க்கிறார்கள். அண்மைக்கால அடுக்குகளுக்கு, 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210. அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த 1963ஐ ஒட்டிச் சேற்றில், அணு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 துருத்திக்கொண்டு தெரியும். சுவீடனின் பல ஏரிகளில் 1986 செர்னோபில் விபத்தும் அப்படியே பதிந்திருக்கிறது. அதற்குக் கீழே கார்பன்-14, எரிமலைச் சாம்பல். இன்னும் ஆழத்தில், பூமியின் காந்தப்புலம் தலைகீழாகத் திரும்பிய தடங்கள்.

இனி உங்கள் படத்தில் இருக்கும் எல்கிகிட்கினுக்கு வருகிறேன். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையான சுகோட்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 100 கி.மீ. வடக்கே இருக்கிறது. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதிய பள்ளம். ஏரியின் குறுக்களவு 12 கி.மீ., ஆழம் 170 மீட்டர். சுற்று வட்டாரம் முழுக்கக் குளிர்ந்த காலங்களிலும் பெரும் பனிப்பாறை எதுவும் இதன் மேல் ஊர்ந்து சுரண்டவில்லை. அதனால்தான் சேறு அறுபடாமல் கிடைத்தது. 2009இல் ஜெர்மனி, அமெரிக்கா, ரஷ்யா, ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, உறைந்த ஏரியின் மேலேயே துளைக்கும் எந்திரத்தை நிறுத்தினார்கள். எந்திரத்தின் பாரத்தைத் தாங்குவதற்காகப் பனித்தளத்தைச் செயற்கையாகத் தடிமனாக்கினார்கள். 318 மீட்டர் ஏரிப் படிவைக் கடந்து, விண்கல் நொறுக்கிய பாறை வரை துளை போனது. கணக்குப் போட்டால் சராசரியாக 1,000 ஆண்டுக்கு 9 செ.மீ. சேறு.

அந்தச் சேற்றின் நிறமே பேசுகிறது. கோடையிலும் ஏரி உருகாத கடுங்குளிர் காலங்களில் அடியில் ஆக்சிஜன் போகாமல் கருமையான, மெல்லிய வரிகளுடைய சேறு படிந்திருக்கிறது. ஏரி திறந்திருந்த காலங்களில் அது வெளிறி, புழுக்கள் கிளறிக் கலங்கியிருக்கிறது. மிக வெப்பமான சில காலங்களில் செம்பழுப்பு. மேர்ட்டின் மெல்லஸ், ஜூலி பிரிகாம்-கிரெட், பாவெல் மின்யுக் ஆகியோர் தலைமையிலான குழு 2012, 2013 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டது. 36 லட்சம் முதல் 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கோடை இன்றைவிடச் சுமார் 8 டிகிரி செல்சியஸ் அதிகம். இன்று மரமே இல்லாத அந்த டுண்ட்ராவில் அப்போது ஊசியிலைக் காடு இருந்ததை மகரந்தம் காட்டுகிறது.

'ஆர்க்டிக்கில் காடே இருந்திருக்கிறது, எனவே இப்போதைய சூடு ஒன்றும் புதிதல்ல' என்று கட்டுரையாளர் இந்த இடத்தில்தான் எழுதுகிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. காடு இருந்த அந்தக் காலத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 400 பங்கு அளவில் இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். இன்று நாம் 420ஐத் தாண்டிவிட்டோம். அந்தச் சேறு ஆறுதல் தருவதற்கில்லை, அச்சப்பட வைக்கிறது. அதோடு, ஏறக்குறைய 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வெப்பக் காலம் வந்தது. கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவில்தான் இருந்தது, ஆனால் கோடை வழக்கமான வெப்பக் காலங்களைவிட 4, 5 டிகிரி அதிகம். 2012 ஆய்வில் கணினி மாதிரிகளால் அந்தச் சூட்டை முழுதாக எட்ட முடியவில்லை. ஆர்க்டிக் நாம் நினைப்பதைவிட எளிதில் தூண்டப்படும் இடம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அண்மை 2,000 ஆண்டுக் கதையும் இருக்கிறது. ஏரிப் படிவு, பனி, மர வளையம் மூன்றையும் சேர்த்து டேரல் காஃப்மன் குழு 2009இல் வெளியிட்டது. பூமியின் சுற்றுப்பாதை மாற்றத்தால் வடக்குக் கோடை மெல்ல வெயில் இழந்து, ஆர்க்டிக் 1,000 ஆண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே வந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்தப் போக்கு தலைகீழானது. அந்த 2,000 ஆண்டில் மிக வெப்பமான ஐந்து பத்தாண்டுகளில் நான்கு, 1950க்கும் 2000க்கும் இடையில் வந்தவை. இயற்கைச் சுழற்சி என்றால் வடக்கு இன்னும் குளிர்ந்துகொண்டுதானே இருந்திருக்க வேண்டும்?

எல்லாச் சேறும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கது என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தின் கோர்ட்டாயார்வி ஏரியை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட மியா டில்யாண்டர் குழுவே, அதன் அண்மைக்கால அடுக்குகள் மனிதக் கைபட்டவை என்று வெளிப்படையாக எழுதியது. 1930இன் தடித்த அடுக்கு கரிச்சதுப்பில் வாய்க்கால் வெட்டியதாலும் காடு அழித்ததாலும் வந்தது. 1967இன் தடித்த அடுக்கு பக்கத்துப் பாலத்தைத் திரும்பக் கட்டியதால் வந்தது. அதைப் பார்த்து மழை, வெயில் என்று சொன்னால் தவறாகிவிடும். இப்படித் தங்கள் ஏரியின் குறையைத் தாங்களே எழுதி வைக்கும் பழக்கம்தான் இந்தத் துறையின் மேல் எனக்கு மரியாதையை வளர்த்தது.

கடைசியாக ஒன்று. கனடாவின் எல்ஸ்மியர் தீவில், ஹெர்ஷல் முனையில் சிறு குட்டைகள் பல இருந்தன. மரியான் டக்ளஸும் ஜான் ஸ்மோலும் 1983 முதல் அவற்றைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதும் மாறாதிருந்த டயாட்டம் கூட்டம் 19ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியதை அவற்றின் சேற்றிலிருந்துதான் கண்டார்கள். 2006 ஜூலையில் அவர்கள் போனபோது சில குட்டைகளில் தண்ணீரே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீர் நின்ற இடம் அப்படி வற்றிப்போயிருந்தது.

சேறு இவ்வளவையும் சொல்கிறது. அதனால்தான் ஒரு படக்குறிப்புக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அடுத்த இதழில் 'பனிக்கட்டி' என்பதை 'ஏரிச் சேறு' என்று திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால், நெடுக்கே பிளந்த சேற்று உருளையின் வண்ணப் படம் ஒன்றையும் பெரிதாகப் போடுங்கள். வகுப்பில் காட்டப் பள்ளிக்கூடங்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தேனி