எதிரொலியில் வாழ்பவர்கள் எப்படித் திட்டிக்கொள்வார்கள்?

அன்புள்ள நண்பா,

நாவலின் மூன்று அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். கதை நன்றாக ஓடுகிறது. கண்ணில்லாமல் எதிரொலியாலேயே உலகை அறியும் உன் வேற்றுக்கிரகவாசிகள் சண்டை போடும் இடங்களில் மட்டும் வேஷம் கட்டிய நம் ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள். ‘பார்’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘கேள்’ போட்டிருக்கிறாய். ‘என் முகத்தில் விழிக்காதே’யை ‘என் காதில் விழாதே’ ஆக்கினால் யாருக்கும் வலிக்காது.

புலன் எங்கே சறுக்குகிறதோ அங்கேதான் மரபுத்தொடர் பிறக்கும். அதனால் முதலில் கணக்கைப் போடு. அவர்கள் வௌவால்போல ஒலியெழுப்பி எதிரொலியைக் கேட்பவர்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவனின் எதிரொலி 6 மில்லிநொடியில் வரும், 17 மீட்டர் தள்ளி நிற்பவனுடையது 100 மில்லிநொடியில். அவர்களுக்குத் தூரம் என்பதே தாமதம்தான். உறவு விட்டுப்போன தம்பியை ‘அவன் எனக்குத் தாமதமாகிவிட்டான்’ என்று சொல்லவை. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறியது சரியாகப் பிடிபடாது. அவ்வளவு கீச்சென்ற ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஆகவே நட்சத்திரம், தொடுவானம், நிறம் எதுவும் அவர்களுக்கு இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒருவனுக்கு முகம் வெளுக்கிறது, வெட்டிவிடு.

நீ தொடாமல் விட்ட பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் உலகில் ரகசியமாகப் பார்க்க முடியாது. ஒருவனை நோக்கிச் சொடுக்கொலி விட்டால் அவனுக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும். வசவுகளின் சுரங்கமே இதுதான். வௌவால் பூச்சியை நெருங்கும் கடைசிக் கணத்தில் சொடுக்குகளை நொடிக்கு 200 வரைகூட நெருக்கும். அப்படியானால் ஒருவன்மேல் படபடவென்று சொடுக்குவது கொலைமிரட்டலுக்குச் சமம்: ‘என்னடா படபடக்கிறாய், நான் என்ன உன் இரையா?’ இதற்கு நேரெதிர்: ‘உனக்கு ஒரு சொடுக்குகூடத் தண்டம்.’ இரண்டாவதுதான் அதிகம் சுடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ‘நீ இங்கே இல்லை’ என்பதுதான் அதன் பொருள். தன் தொண்டையை வருத்தாமல் அடுத்தவன் விட்ட ஒலியின் எதிரொலியில் காலம் தள்ளுகிறவனுக்கு ‘ஓசிக்காது’ என்று பெயர் வை. சோம்பேறி, ஒட்டுக்கேட்பவன், கஞ்சன் மூவரையும் அதிலேயே அடக்கிவிடலாம்.

பொருள்களுக்கு வா. வழவழப்பான செங்குத்துத் தகடு, சாய்வாக வரும் ஒலியை வேறுபக்கம் தள்ளிவிடும். வௌவால்கள் அதைத் திறந்தவெளி என்று நம்பி மோதுவதை 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நயமாகப் பேசிக் கழுத்தறுப்பவனுக்கு ‘வழவழச்சுவர்’ பொருந்தும். சில அந்துப்பூச்சிகளின் செதில்கள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு கொடுத்தாலும் எதுவும் திருப்பித் தராத நன்றிகெட்டவன் ‘பஞ்சுப்பயல்’. இன்னும் சில பூச்சிகள் தாமே சொடுக்கி வௌவாலைக் குழப்பும்; பஞ்சாயத்தில் குறுக்கே பேசிக் குட்டை குழப்புகிறவனுக்கு அதை எடுத்துக்கொள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் கடலுக்குள் போகப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே எல்லாம் மாறும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். சதையும் நீரும் ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அது உடலுக்குள் புகுந்துவிடும். எலும்பும் காற்றுப்பையும் பளிச்சென்று தெரியும். அங்கே மூக்கைக் கேலி செய்து பயனில்லை, நுரையீரலைக் கேலி செய்.

இனி, வசவு வாயில் புழங்கிப் புழங்கித் தேய்வது. முதலில் முழு வாக்கியமாக எழுது: ‘வழவழச்சுவரை வழி என்று நம்பியவனே.’ கிழவர்கள் இதை முழுதாகச் சொல்லட்டும், நடுவயதுக்காரர்கள் ‘சுவரை நம்பி’ என்று நிறுத்தட்டும், பொடியன்கள் ‘சுவரு’ என்று மட்டும் கத்தட்டும். அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று புதுத்தொடர் போதும். அதற்குமேல் போனால் அகராதி படிப்பதுபோல் ஆகிவிடும். அடிக்குறிப்பு போடாதே. திட்டு வாங்கியவன் என்ன செய்கிறான் என்பதிலிருந்து பொருள் தெரியவேண்டும். அதே தொடர் ஓரிரு பக்கங்களுக்குள் வேறொருவர் வாயில் வேறு தொனியில் திரும்ப வரட்டும். ஒரு வசவு கண்ணுள்ளவனுக்கும் அப்படியே பொருந்துகிறதென்றால் தயங்காமல் தூக்கிவிடு.

மூன்றாம் அத்தியாயத்தில் தலைவி ‘கண்மூடித்தனமாக’ ஓடுகிறாளே, அங்கே மழையைக் கொட்டவிடு. அந்த இரைச்சலில் எதிரொலி எதுவும் பிடிபடாமல் அவள் தடுமாறி ஓடட்டும். மாற்றியதும் நாலாவதோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்