செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், பிள்ளைகளின் கணித வகுப்பு ஆகியன ஒஸ்லோவில் வழமைபோல் நடந்தேறின. நிர்வாகக் குழு ஏழு தடவை கூடியது. மூன்று தடவை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, நேட்டோ இராணுவக் கூட்டணியின் 'அமைதிக்கும் பாதுகாப்புக்குமான அறிவியல்' திட்டத்திற்கு நாம் ஆயத்தம் செய்த விண்ணப்பத்தைப் பற்றி. கடந்த பொதுக்கூட்டத்தில் பதினாறு பேர் கையுயர்த்தி ஆதரித்த விடயம் இது. நேட்டோ என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் தயங்கினர். இது குடிசார் ஆய்வுக்கான நிதி. மிதிவெடி கண்டறிதல் அதன் முன்னுரிமைகளில் ஒன்று. இலங்கையின் வடக்கே மிதிவெடிகள் புதைந்த முகமாலையில் ஒவ்வோர் அடியாக மண்ணைக் கிளறுபவர்களை நேரில் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். உலோகம் குறைந்த மிதிவெடியை உலோகங்காட்டி எளிதில் காட்டாது. மண்ணுக்குள் அலைகளை அனுப்பிப் பார்க்கும் நிலத்தடி ராடார் அங்கேதான் உதவும்.

"நேராக இலங்கையின் வன்னிக்கே நிதி கேட்டால் என்ன?" என்று இப்போதும் கேட்கிறார்கள். நேட்டோ நாட்டிலிருந்து ஒருவரும் பங்காளி நாட்டிலிருந்து ஒருவரும் இணைந்து நடத்த வேண்டும் என்பது விதி. இலங்கை பங்காளி நாடு அல்ல; உக்ரேன் பங்காளி நாடு. ஆகவே, நேட்டோ நாடான நோர்வேயின் பக்கத்தில், தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் நிற்க எமது அங்கத்தவர் ஒருவர் இசைந்தார். உக்ரேனிய ராடார் ஆய்வாளர் ஒருவர் மறுபக்கம் நின்றார். அங்கே தேறும் முறை நாளை முகமாலைக்கும் போகும் என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

இந்த நிதியில் சம்பளம் கிடையாது. கருவி, பயணம், இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை ஆகியவற்றுக்கே பணம். அதைச் சொன்ன கூட்டத்திற்குப் பிறகு வருகை பாதியானது. சுயவிபரக்கோவை தருவதாகச் சொன்ன நால்வரில் ஒருவர் மட்டுமே தந்தார். கண்ணிவெடி அகற்றுவோர் தரும் ஆதரவுக் கடிதம், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் உக்ரேனிலிருந்து இரண்டு வாரம் முன்னதாகவே வந்துசேர்ந்தது. ஒஸ்லோவிலிருந்து வர வேண்டிய மூன்று கோவைகள் இறுதி நாள் இரவுவரை வரவில்லை. விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. செயலாளர் சங்கத்தின் நேரத்தை வீணாக்கினார் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சிறு மிகுதி உண்டு. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா செலுத்தவில்லை. விண்ணப்பத்திற்கான மொழிபெயர்ப்புச் செலவை நான் என் கையிலிருந்தே கொடுத்தேன். அதைச் சங்கக் கணக்கில் தேட வேண்டாம்.

மண்டபம் தந்தவர்களுக்கும் சமையலில் உதவிய தாய்மார்க்கும் நன்றி.

வரவுசெலவுப் பட்டியலும் வேலைத்திட்டமும் அப்படியே இருக்கின்றன. உக்ரேனிய நண்பர் இன்னும் எம்மைக் கைவிடவில்லை. நிபுணர்கள் மதிப்பிட்ட பின்பும் நேட்டோவின் 32 நாடுகளும் இசைய வேண்டியிருப்பதால் காலம் எடுக்கும்; ஆகவே அடுத்த அழைப்பு வரும்போது நாம் தயாராக இருக்க வேண்டும். சுயவிபரக்கோவை எழுத நேரமில்லாதவர்கள் கையெழுத்தில் ஒரு தாளில் தந்தாலும் போதும். தட்டச்சு செய்வது என் பொறுப்பு.