இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மே மாதத்தை விட்டுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்துவிட்டால் எல்கேஜி பிள்ளைகளுக்கு நீச்சல், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று கோடை முகாம் விளம்பரங்கள் நாளிதழ்களில் வரிசை கட்டுகின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கோடை முகாம்கள் உண்டு, எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும் முன் அங்கே போய் வந்தால் நல்ல பலன் உண்டு என்பது நம் பக்கத்துப் பெற்றோர் பலருக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை, தெரிந்து விண்ணப்பித்து இடமும் வாங்கியவர்களைப் பருவத் தேர்வு அட்டவணை போக விடாமல் செய்வது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் எடுத்து ஓய்வு பெற்றவள். என் அக்கா பேத்தி பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தாள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் எம்டிடிஎஸ் என்ற கணித முகாமுக்குப் போனாள். 1993இல் பேராசிரியர் எஸ்.குமரேசன் தொடங்கியது, தேசிய உயர் கணித வாரியத்தின் நிதியில் வளர்ந்தது. நான்கு வார வகுப்பு. இளநிலை இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, முதுநிலை முதலாண்டு என ஒவ்வொரு நிலைக்கும் தனி வகுப்பு. அவள் போனபோது தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுத்தார்கள். ஸ்லீப்பர் வகுப்பு ரயில் கட்டணத்தையும் திருப்பித் தந்தார்கள். மன்னை எக்ஸ்பிரஸில் அவளுடைய அப்பா சென்னை வரை கூடப் போனார். சென்ட்ரலில் அதே முகாமுக்குப் போகும் வேறு இரண்டு பெண்கள் துணைக்குக் கிடைத்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று போனில் துருவித் துருவிக் கேட்டேன். ரியல் அனாலிசிஸ் என்ற கணிதப் பிரிவின் வகுப்பில் முதல் வேலையாக, ஒரு எண் வரிசை ஒருங்குவது, அதாவது போகப் போக ஒரே எண்ணை நெருங்குவது, என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்பதைக் குறிக்கும் எப்சிலான் என்ற எழுத்தில் ஆரம்பித்து, இவள் வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். நம் பருவத் தேர்வில் அது 2 மதிப்பெண் கேள்வி. "சரி, ஒருங்கவில்லை என்பதை எழுது" என்றாராம் ஆசிரியர். இவள் அதே வரையறையின் கடைசியில் ஒரு 'இல்லை' சேர்த்துவிட்டு நின்றாள். அவர் பலகையில் 1, -1, 1, -1 என்று எழுதி, "இது 1-க்கு ஒருங்கவில்லை என்று கண்ணுக்கே தெரிகிறது. உன் வரையறையை வைத்துச் சொல்லு பார்ப்போம்" என்றார். எப்சிலானுக்கு அரை என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு தூரம் தள்ளிப் போனாலும் ஒரு -1 குறுக்கே வந்து நிற்கும் என்பதை அவள் வாயிலிருந்தே வரவழைக்கும் வரை அவர் விடவில்லை. அன்றைய வகுப்பு அதிலேயே முடிந்துவிட்டது. "பாட்டி, இங்கே யாருமே நோட்ஸ் கொடுக்க மாட்டேங்கிறாங்க, கேள்வியாவே கேட்கிறாங்க" என்று புலம்பினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்வது என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் அது ஏறாது, எம்.எஸ்சி. சேர்க்கையில் அதற்கெனத் தனி மதிப்பெண்ணும் கிடையாது. பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். அதில் ஒருவகைக் கேள்விக்கு நான்கு விடைகள் தருவார்கள். எத்தனை சரி என்று சொல்ல மாட்டார்கள். ஒன்று முதல் நான்கு வரை எத்தனையும் சரியாக இருக்கலாம். ஒன்றை விட்டாலும் மதிப்பெண் இல்லை. கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது அங்கேதான். இவள் இப்போது ஒரு ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். முகாமுக்குப் போனதால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பகலாகப் படித்தாள். ஆனால் ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பதும், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்று நம் மாநிலத்திலேயே படிக்க இடங்கள் இருப்பதும் கூடப் படித்த பிள்ளைகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் படித்த கல்லூரியில் இதை யாரும் சொல்லவில்லை.

இவளுடைய தோழி ஒருத்திக்கும் அதே முகாமில் இடம் கிடைத்தது. மே இரண்டாவது வாரம் முடிய வேண்டிய கடைசித் தாள் ஏதோ காரணத்தால் தள்ளிப்போய், முகாம் தொடங்கி ஒரு வாரம் கழித்து வந்தது. இவளுக்கு விருப்பப் பாடம் வேறு என்பதால் தப்பித்தாள். அந்தப் பெண் என்ன செய்வாள்? தாளை விட்டால் அரியர், அரியர் இருந்தால் கல்வி உதவித்தொகைக்குச் சிக்கல். போகவில்லை.

அடுத்த வருஷம் போகலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மூன்றாண்டுப் படிப்பில், படிக்கும்போதே வரும் கோடை விடுமுறை இரண்டுதான். முதல் கோடையில் பிள்ளைகளுக்குப் பாடமே பிடிபட்டிருக்காது. ஜாம் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். அதனால் எங்கே, எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்க உதவுவது இரண்டாம் ஆண்டுக் கோடை மட்டும்தான். இயற்பியல், வேதியியல் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன; நல்ல ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துப் பழகலாம். மே கடைசி வரை தேர்வு இழுத்தால் அதிலும் பாதி போய்விடும்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. இரண்டாம் ஆண்டுத் தாள்களை முதலில் வைத்து மே முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டுக்கு ரிசல்ட் அவசரம் என்பார்கள், நியாயம்தான். காலையில் ஒரு வகுப்புக்கு, மதியம் ஒரு வகுப்புக்கு என்று வைத்தால் இரண்டும் முடியும். தேதியைத் தள்ளிப்போட வேண்டி வந்தால், வெளி முகாமுக்குத் தேர்வானவர்களின் கடிதத்தைப் பார்த்து மாற்றுத் தேதி கொடுங்கள்.

கல்லூரி அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த முகாம்களுக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடைசி நாளில் மாணவி வந்து நிற்கும்போது, "எச்.ஓ.டி. லீவு, திங்கட்கிழமை வாம்மா" என்று அனுப்பாதீர்கள்.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு, ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் என்ற காணொளிப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். அதை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பிலேயே 'இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் அனுப்புகிறவர்களிடம் போய் ஏமாறுகிறார்கள். அந்தக் காசுக்கு நாலு நல்ல புத்தகம் வாங்கலாம்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. அகாடமிகளின் திட்டத்துக்கு வழக்கமாக நவம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். மற்ற முகாம்களின் அறிவிப்பும் கோடைக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். கல்விப் பக்கத்தில் இந்தத் தேதிகளை நவம்பர் முதலே வெளியிடுங்கள். மே மாதம் போட்டால் யாருக்கும் உதவாது.

இப்படிக்கு,
கணித ஆசிரியை (ஓய்வு),
மன்னார்குடி