அணுவாயுதக் களைவுக்குப் பாடவேளை ஒதுக்குங்கள்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் துணைவேந்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும், அரச பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் வணக்கம்.

2023ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கை, முழுமையான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. அடுத்து செப்டெம்பரில் அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலும் இணைந்துகொண்டது. கடன் மறுசீரமைப்பைத் தவிர வேறெதுவும் காதில் விழாத அந்த நாட்களில் இவ்விரண்டும் பெரிதாகப் பேசப்படாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் இரண்டாவது உடன்படிக்கையின் முகவுரை, சமாதானக் கல்வியினதும் ஆயுதக் களைவுக் கல்வியினதும் முக்கியத்துவத்தை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது. நாட்டின் சார்பில் ஒப்புக்கொண்டது அரசாங்கம் என்றாலும், அதை நடைமுறைக்குக் கொண்டுவரக்கூடிய வகுப்பறைகளும் ஆய்வுகூடங்களும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. அதனால்தான் இம்மடலை அமைச்சுக்கு அல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தத் துறையில் நாம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. 1996 ஜூலை 8ஆம் திகதி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதங்கள் குறித்து ஆலோசனைக் கருத்து வழங்கியபோது, ஒரு நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் தற்காப்பு நிலையில் அவற்றைப் பயன்படுத்துவது சட்டபூர்வமானதா இல்லையா என்று திட்டவட்டமாகக் கூற முடியாது என்ற முடிவு, நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து நின்ற நிலையில், தலைவரின் தீர்மான வாக்கினால் நிறைவேறியது. அந்த விதிவிலக்கை ஏற்க மறுத்து, எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதப் பயன்பாடு சட்டவிரோதமே என்று மிக நீண்ட மாறுபட்ட தீர்ப்புரை எழுதியவர், அந்நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக இருந்த நமது சி. ஜி. வீரமந்திரி. யுத்த நெறிகள் ஐரோப்பாவில் மட்டும் பிறந்தவை அல்ல என்று காட்டுவதற்காக அவர் அதில் இராமாயணத்தை எடுத்துக்காட்டுகிறார்: ஆயுதம் ஏந்தாதோர் உட்பட எதிரியின் இனம் முழுவதையும் அழிக்கவல்ல ஆயுதமொன்று இலக்குவனுக்குக் கிடைக்கிறது, இராவணன் செய்வது அநீதியான போரே ஆனாலும் இத்தகைய கூட்டழிவைப் பண்டைய போர்ச் சட்டங்கள் தடுக்கின்றன என்று சொல்லி இராமன் அதைப் பயன்படுத்த விடவில்லை. இராவணனின் தீவிலிருந்து சென்ற ஒரு நீதிபதி இதை உலக நீதிமன்றத்தில் எழுதிவைத்திருப்பதன் நயம், நமது சட்டபீட மாணவர்களுக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

பேராதனையின் பழைய மாணவரான ஜயந்த தனபால, அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையறையின்றி நீடித்த 1995ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் 1998 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுதக் களைவு விவகாரங்களுக்கான துணைச் செயலாளர் நாயகமாக இருந்தார். ஆயுதக் களைவுக் கல்வி பற்றிய நிபுணர் குழுவின் ஆய்வு 34 பரிந்துரைகளோடு பொதுச் சபைக்குச் சென்றது அந்தக் காலத்தில்தான், 2002இல். அதன் பின் இரண்டு தசாப்தங்கள் கடந்தும், பெரும்பாலான நமது மாணவர்களுக்கு இத்தலைப்பு சர்வதேச உறவுகள் பாடத்தில் ஓரிரு விரிவுரைகளோடு முடிந்துவிடுகிறது. விஞ்ஞான பீடத்தில் அணுப் பௌதிகம் படிப்பவர் பிளவுவினையின் சமன்பாட்டை எழுதுவார். அதே வினையின்மேல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

மாணவர்களை ஈடுபடுத்துவது என்றவுடன் ஹிரோஷிமா தினத்தன்று சுவரொட்டிப் போட்டி, மெழுகுவர்த்தி, பிரதம விருந்தினர் உரை என்று நினைத்துவிட வேண்டாம் என்று வேண்டுகிறேன். அவை நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மறுநாள் காலையில் யாருக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. நான் கேட்பது ஆய்வு.

கண்டிக்கு அருகே பல்லேகலையில் ஒரு நில அதிர்வு நிலையம் இருக்கிறது. அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையின் கீழ் உலகெங்கும் அமையும் 321 கண்காணிப்பு நிலையங்களுள் அதுவும் ஒன்று. வட கொரியா 2006 முதல் 2017 வரை நிலத்தடியில் நடத்திய ஆறு அணுச்சோதனைகளையும் இந்த வலையமைப்பு கண்டுபிடித்தது. பூமியதிர்ச்சியின் அலைவடிவமும் வெடிப்பின் அலைவடிவமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது, இறுதியாண்டு மாணவர் ஒருவர் கணினி முன் அமர்ந்து தானே பிரித்தறியக்கூடிய விடயம். தரவுகளை ஆய்வாளர்கள் விண்ணப்பித்துக் கட்டணமின்றிப் பெறுவதற்கு வியன்னாவிலுள்ள உடன்படிக்கை அமைப்பு வழி செய்திருக்கிறது. அந்தத் தரவுகள் ஆயுதங்களோடு நின்றுவிடுவதும் இல்லை. இந்து சமுத்திரத் தீவான டியேகோ கார்சியா அருகே இதே வலையமைப்புக்காகக் கடலடியில் வைக்கப்பட்ட ஒலிவாங்கிகளில் பல ஆண்டுகளாகப் பதிவான ஒரு பாடலைக் கொண்டு, அதுவரை அறியப்படாதிருந்த நீலத் திமிங்கிலக் கூட்டமொன்றை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்தார்கள். அத்திமிங்கிலங்களின் பாடல் இலங்கைக் கரை வரைக்கும் கேட்கிறதாம். நமது கடலின் செய்தியை நாம் சிட்னியிலிருந்து தெரிந்துகொண்டோம்.

அணுகுண்டு நமது பிரச்சினையா என்று கேட்பவர்களும் உண்டு. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளாலும் ட்ரோன்களாலும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டொக்ஹோம் சமாதான ஆய்வு நிறுவனத்தின் 2025 ஜனவரி மதிப்பீட்டின்படி முதல் நாட்டிடம் ஏறத்தாழ 180, இரண்டாவது நாட்டிடம் ஏறத்தாழ 170 அணுகுண்டுகள் இருக்கின்றன. இவ்விரு நாடுகளுக்கும் இடையே அணுப்போர் மூண்டால், எரியும் நகரங்களிலிருந்து 1.6 முதல் 3.6 கோடி தொன் வரையான கரும்புகை மேல்வளிமண்டலத்துக்கு ஏறக்கூடும் என்றும், உலக மழைவீழ்ச்சி 15 முதல் 30 சதவீதம் வரை குறையக்கூடும் என்றும் 2019இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அத்தகைய உலக மாதிரிகளில் இந்தத் தீவு முழுவதும் ஒருசில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். வடகீழ்ப் பருவமழை பொய்த்தால் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் தேங்கும், கிளிநொச்சியில் பெரும்போக நெல் என்னவாகும், சேமிப்பில் இருக்கும் அரிசி எத்தனை மாதங்களுக்குப் போதும் என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வு விடை தராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. இக்கேள்விகளை அங்குள்ள மாணவர்களைவிடப் பொருத்தமாக யார் எடுத்துக்கொள்வார்கள்?

இந்தக் கல்வி ஒருதலைப்பட்சமான பிரசாரமாகிவிடும் என்ற ஐயம் நியாயமானது. அணுவாயுதமே பெரும்போரைத் தடுத்து வைத்திருக்கிறது என்ற வாதத்தை டில்லியும் இஸ்லாமாபாத்தும் எப்படி முன்வைக்கின்றன என்பதை, அதை நம்புகிறவர் சொல்லும் வலுவோடு எடுத்துரைக்க மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை மறுப்பது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை. விரிவுரையாளர் தமது முடிவை முதல் வாரத்திலேயே அறிவித்துவிட்டால் பாடம் கெட்டுவிடும்.

முன்னுதாரணம் தேடுவோர் நாகசாகிப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். 2012இல் அங்கு அணுவாயுத ஒழிப்புக்கென்றே ஓர் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. பரவல் தடை உடன்படிக்கைக் கூட்டங்களுக்கு அங்கிருந்து மாணவர் குழுக்கள் செல்கின்றன. அவ்வளவு பெரிய மையத்தை இன்றைய நிதிநிலையில் நான் கேட்கவில்லை. இரண்டு காரியங்கள் போதும். ஒன்று, எந்தப் பீடத்து மாணவரும் தெரிவுசெய்யக்கூடிய, ஓர் அரையாண்டில் முடியும் தெரிவுப் பாடம். அது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடத்தப்பட வேண்டும். மற்றையது, இறுதியாண்டு ஆய்வேட்டை இரு பீடங்களின் விரிவுரையாளர்கள் கூட்டாக மேற்பார்வை செய்வதற்கு அனுமதி. பௌதிகமும் சட்டமும், விவசாயமும் அரசறிவியலும் சேர்ந்து ஒரு மாணவரை வழிநடத்துவதற்கு இன்று தடையாக இருப்பது பணத்தைவிடப் பெரும்பாலும் பீடங்களுக்கிடையிலான எல்லைக்கோடுகளே. ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கையின் மூலம் அந்தத் தடையை நீக்கலாம். அடுத்த கல்வியாண்டின் பாடப் பதிவு தொடங்குவதற்கு முன்பே அச்சுற்றறிக்கை பீடாதிபதிகளின் கைக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர்